அக்னி மூலையில் உள்ளங்கை அடுப்பு

அக்டோபர் 14, செவ்வாய்

கூரியரில் அடுப்பு வந்தது. உள்ளங்கையில் அடங்குகிறது. இதை வைத்துப் பன்னிரண்டு பேருக்குச் சமைக்கப் போகிறாராம் என் வீட்டுக்காரர். மருந்து கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கல்வராயன் மலையில் கூடாரம் போட்டு ஆட்களைத் தங்கவைக்கும் தொழில் தொடங்கியிருக்கிற மகராசர். அதுவும் மழைக்காலத்தில்!

"வீடியோல ஆயிரம் பேரு சூப்பர்னு சொல்லிக்கினு இருக்காங்க, இலக்கியா" என்கிறார். அந்த ஆயிரம் பேரும் தனியாக உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடிப்பவர்கள்.

அக்டோபர் 17

மொட்டைமாடியில் வெள்ளோட்டம். நல்ல வெயில், இலை அசையவில்லை. டீ கொதித்ததும் என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை — ராக்கெட் விட்டவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

அக்டோபர் 24

முதல் கூட்டத்தை நாளைக்கு வெள்ளிமலைக்குக் கூட்டிப் போகிறோம். நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கிய இரும்பு அடுப்பு பரணில் கிடக்கிறது. சுற்றிலும் தகரம் வைத்தது, எந்தக் காற்றுக்கும் அணையாது.

"அதையும் அஞ்சு கிலோ சிலிண்டரையும் எடுத்துக்கலாமா? நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டங்க."

ஒரு தடவை மூக்கு உடைபடட்டும். திங்கட்கிழமையே பழைய வேலைக்கு ஓடுவார். ஜவுளிக்கடையில் நான் ஒருத்தி நின்று எத்தனை மாதம் வீட்டை ஓட்டுவது?

அக்டோபர் 25, மாலை

ஜீப்புக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். பேய் மழை. இவர் தார்ப்பாய்க்கு அடியில் செல்போனை வைத்துத் தென்கிழக்கு தேடுகிறார்! அக்னி மூலையில், கிழக்கு பார்த்துத்தான் அடுப்பு பற்றவைக்க வேண்டுமாம். காற்றும் கிழக்கிலிருந்துதான் வீசுகிறது. பற்றவைக்கிறார், அணைகிறது. பற்றவைக்கிறார், அணைகிறது. மலைக்கு வாஸ்து பார்த்த முதல் மேதை.

அக்டோபர் 26

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நேற்று ஏழு மணிவரை சாப்பாடு ஆகவில்லை. வந்தவர்களில் ஒரு பெரியவர், தெய்வசிகாமணி — சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர் — வியர்த்துக் கொட்டி, பக்கத்தில் இருந்தவர்மேல் சாய்ந்துவிட்டார். சர்க்கரையைக் கரைத்து மெல்லக் குடிக்க வைத்தேன். அவர் பேசுகிறவரை... அய்யோ, நான் இன்னா பண்ணிட்டேன்?

அப்புறம் ஜீப்பைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, அதன் மறைவில் அடுப்பை வைத்து, ஒரு தடவைக்கு நாலு பேருக்கு என்று உப்புமா கிண்டினேன்.

இவர் எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என்னோடதுங்க. நல்ல அடுப்பு வூட்லயே இருக்குது. நான்தான் எடுத்துக்கினு வரல."

பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

பழைய கம்பெனியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். இன்று முதல் நாள். வாசலில் பையை மாட்டிக்கொண்டே, "ஒன்ன ரொம்ப கஷ்டப்படுத்திட்டேன் இல்ல?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

த்தூ, என் மூஞ்சில.