அம்சவேணி பேரில் எடுத்த வாயிதா

சித்தூர்
5-9-1955

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சிட்டிபாபு வணங்கி எழுதுவது. நானும் என் சம்சாரம் செல்லியம்மாவும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நல்ல சேதி. மதராஸ் சோப்புக் கம்பெனிக்குத் தை மாதம் வரை என் ஆலையிலிருந்து கடலை எண்ணெய் தருவதாக ஒரே விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆந்திர ராஜ்யம் பிரிந்த பிறகு அங்கே நம் எண்ணெயைச் சீந்துவாரில்லை. "சித்தூர் எந்தப் பக்கம்னே இன்னும் பேசிக்கினு கீறாங்க, உங்கள எப்படி நம்பறது?" என்றவர்கள்தான். வலிய வந்த சீதேவியை வேண்டாம் என்று தள்ளலாமா?

ஆனால் விற்கும் விலைதான் கட்டியாயிற்று, வாங்கும் விலை கட்டவில்லை. காய் பிடுங்கும் சமயத்தில் மல்லாட்டை ஏறினால் ஆலையே போய்விடும். மொத்தச் சரக்கையும் இப்போதே வாங்கிப் போடப் பணமும் இல்லை. அதனால் தரகர் ரங்கையா மூலம் வாயிதா எடுத்திருக்கிறேன். மார்கழியிலும் இன்றைய விலைதான் என்று முன்பேரச் சீட்டு. விலை ஏறினால் சீட்டில் வரும் லாபம் கைகொடுக்கும். இறங்கினால் சீட்டில் போவது, சரக்கை மலிவாக வாங்குவதில் திரும்பிவிடும். முன்பணம் உன் காசுமாலையை விற்ற பணம் என்பதால் சீட்டு உன் பேரில்தான் இருக்கிறது.

உன் தம்பி
சிட்டிபாபு


திருப்பதி
8-10-1955

சிரஞ்சீவி தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம்.

முழங்கால் கிடக்கட்டும், வயிறு எரிகிறது. ரங்கையா தெலுங்கில் கடுதாசி போட்டிருக்கிறார். விலை இறங்கிவிட்டதாம், முன்பணத்தில் பாதி போய்விட்டதாம், இன்னும் அனுப்பணுமாம். ஒரு மூட்டைக் காயைக் கண்ணால் பார்க்கவில்லை, அதற்குள் நஷ்டமா?

இதைத்தானே நைனாவும் செய்தார்! சீட்டாட்டத்தில் புத்தூர் நிலத்தைத் தோற்றுவிட்டு, நம் இரண்டு பேரையும் திருமலைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கொடிமரத்தின் முன்னால் சத்தியம் வாங்கினாரே. "என் புள்ளைங்க சூதாடினா அந்தப் பாவமும் என்னையே சேரட்டும்" என்று அழுதாரே, மறந்து போச்சா? பக்கத்து வீட்டு தாட்சாயணி, "இன்னாக்கா, உன் தம்பி வாயிதா ஆடிக்கினு கீறாராமே" என்கிறாள். மானம் போகிறதடா.

அக்கா
அம்சவேணி


சித்தூர்
12-10-1955

அன்புள்ள அக்காவுக்கு,

சீட்டில் போனதை மட்டும் பார்க்கிறாய். இங்கே சந்தையில் மல்லாட்டையும் அதே அளவு மலிந்திருக்கிறது. நான் வாங்கும்போது அது நமக்கு மிச்சம். ரங்கையா கேட்டதை எப்படியோ புரட்டி அனுப்பிவிட்டேன்.

சூது எது தெரியுமா? விலை கட்டி எண்ணெயை விற்றுவிட்டு, மல்லாட்டை ஏறாது என்று சும்மா உட்கார்ந்திருக்கிறோமே, அதுதான் சூது. அதை ஆடாமல் இருக்கத்தான் இந்தச் சீட்டு. உன் காலில் விழுகிறேன், மார்கழி வரை அதைத் தொடாதே.

சிட்டிபாபு


திருப்பதி
24-10-1955

அன்புத் தம்பிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. சீட்டை முறித்துவிட்டேன்.

ரங்கையா, "சின்னவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுடும்மா" என்றார். கேட்டால் நீ விடமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? மிச்சப் பணத்தைக் கொடுத்தார், நீ அனுப்பியதும் அதில் சேர்த்திதான். சூதாட்டப் பணம் வீட்டில் தங்கக்கூடாது. இந்த முழங்காலோடு மலை ஏறி, நைனா பேரைச் சொல்லி, அத்தனையையும் பெருமாள் உண்டியலில் போட்டுவிட்டேன். இப்போதுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நினைத்துக்கொள்.

லட்டு அனுப்பியிருக்கிறேன். செல்லியம்மாவுக்கும் கொடு.

உன் அக்கா


சித்தூர்
2-2-1956

அம்சவேணி அம்மாளுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் மழை பிடித்தது. பதினோரு நாள் விடவில்லை. காயைப் பிடுங்க வழியில்லாமல் மண்ணிலேயே முளைத்துவிட்டது. விலை ஒன்றரை மடங்கு ஏறியது. ரங்கையாவிடம் ஓடினேன். "முன்பணம் வெச்சீங்கன்னா மறுபடி எடுக்கலாம் சின்னவரே" என்றார். முன்பணம் எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

நெருப்பு விலைக்கு வாங்கி, எழுதிக் கொடுத்த விலைக்கு எண்ணெய் அனுப்பி முடித்தேன். ஆலை கைமாறிவிட்டது. காசுமாலை உங்களுடையது, அதைக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் ஆலை என்னுடையது. நைனா ஆடித் தோற்றார். என்னை ஆடாமலே தோற்கவைத்துவிட்டீர்கள்.

லட்டுப் பொட்டலத்தை நாங்கள் பிரிக்கவில்லை. வீட்டைக் காலி செய்யும்போது எறும்பு மொய்த்துக் கிடந்தது. நாயுடுபேட்டையில் ஒரு எண்ணெய் ஆலையில் மூட்டை எடைபோடும் வேலைக்குப் போகிறேன். விலாசம் எதற்கு?

இப்படிக்கு,
சிட்டிபாபு


திருப்பதி
18-3-1956

என் தம்பி சிட்டிபாபுவுக்கு,

எண்ணெய் ஆலை, நாயுடுபேட்டை என்று மட்டும் போட்டு இதை அனுப்புகிறேன். முன்னே போட்ட இரண்டும் திரும்பி வந்துவிட்டன.

போன வாரம் மலைக்குப் போனேன். அங்கே ஒரு குமாஸ்தாவிடம், தெரியாமல் உண்டியலில் போட்டுவிட்டேன், என் தம்பி பணம், திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். "சாமிக்குப் போட்டத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களாம்மா?" என்று சிரித்தார். வெட்கத்தை விட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சும்மா இருப்பதுதான் சூது என்று நீ எழுதினாயே, அந்தக் கடுதாசியைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். இப்போது புரிகிறது, என்ன பிரயோஜனம்? நைனாவுக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றப் போய் உன்னைத் தெருவில் நிறுத்திவிட்டேன்.

திட்டியாவது ஒரு கார்டு போடு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்சவேணி அம்மாள் என்று மட்டும் எழுதாதே.

அக்கா