மியெர்லாவுக்குப் போட்ட ஓட்ஸ்

அன்பு மகள் கசாந்த்ராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே டுரினில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதா படத்துக்கு முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவர் இப்போதாவது உன்னைத் தூங்க விடுகிறாரா. இங்கே பனி உருகி முற்றமெல்லாம் சேறு, இரண்டு கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கின்றன, உன் அத்தை மகனுக்கு ஈஸ்டர் கழித்துக் கல்யாணம். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். போனில் என்றால் பாதியில் பொய் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

மியெர்லாவை அப்பா கொல்லவில்லை கசாந்த்ரா. அவர் கட்டைகளை அதிகமாக ஏற்றி, குளிரில் குதிரையை விரட்டி இழுக்க வைத்தார் என்றுதானே உனக்குச் சொன்னோம், அது நிஜமில்லை. நீ டுரினுக்குப் போகும்போது லாயக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாய் அல்லவா, குதிரைப் பள்ளியில் படித்ததையெல்லாம் எனக்குப் புரியும்படி எழுதி. முதலில் காய்ந்த புல், பிறகுதான் ஓட்ஸ். தண்ணீர் ஓட்ஸுக்கு முன்னால். டப்பாக் கணக்கு வேண்டாம், எடை போட்டுக் கொடுக்க வேண்டும். தீனியை மாற்றினால் ஒரே நாளில் மாற்றக் கூடாது. கடைசியில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தாய், வேலை இல்லாத நாளில் ஓட்ஸ் கிடையாது, புல்லும் உப்புக்கட்டியும் போதும், சும்மா கட்டிப் போடாமல் நடத்தவும் என்று. வருஷம் பூராவும் அப்படியே செய்தேன். புனித தியோடர் வாரம் வந்தது, அதில்தான் புத்தி கெட்டேன்.

அந்த வாரம் குதிரையைப் பூட்டக் கூடாது என்பது உனக்குத் தெரியும், யாரும் பூட்டவில்லை. நாங்களோ நோன்பின் முதல் வாரம், பால் இல்லை முட்டை இல்லை, உருளைக்கிழங்கும் ஊறிய முட்டைக்கோஸும் தின்று நாக்கு செத்துக் கிடந்தது. சாயங்காலம் லாயத்துக்குப் போனால் மியெர்லா என் பையை முகர்ந்து பார்த்துவிட்டு வெறும் புல்லைப் பார்ப்பாள். நாங்கள் பட்டினி கிடக்கிறோம், குதிரைகளின் பண்டிகையிலேயே குதிரையையும் பட்டினி போடுவதா, இது என்ன நியாயம் என்று மனசு கேட்கவில்லை. உன் தாளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு வேலை நாளுக்குப் போடுகிற அளவு ஓட்ஸைப் போட்டேன். செவ்வாயிலிருந்து ஞாயிறு வரைக்கும் போட்டேன். சனிக்கிழமை கோயிலில் மந்திரித்த கோதுமையிலும் ஒரு கை கொடுத்தேன். அவள் நன்றாகத் தின்றாள், பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

திங்கள் காலையில் அப்பா காட்டுக்குக் கட்டை இழுக்கப் பூட்டினார். மர ஆலை வளைவுகூடத் தாண்டவில்லை, அவள் வேர்த்துக் கொட்டி நின்றுவிட்டாளாம், பின்தொடை இரண்டும் கல்லாக இறுகிப் போயிருந்தனவாம். சிறுநீர் காபி நிறத்தில் வந்தது. டவுனிலிருந்து கால்நடை டாக்டரம்மா வந்ததுமே, இது சும்மா நின்று தின்ற குதிரைக்கு வரும் நோய் மாதிரி இருக்கிறதே என்றாள். வேலை செய்யாத நாளில் தின்ற தானியம் சதையில் தேங்கி நிற்குமாம், திடீரென்று இழுக்க விட்டால் அந்தச் சதையே கெட்டு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்குமாம். போன வாரம் என்ன போட்டீர்கள் என்று என்னைத்தான் கேட்டாள். நான் உன் தாளைக் காட்டி, இதில் எழுதியபடிதான், வெறும் புல் என்று சொன்னேன். அப்படியென்றால் விரட்டியிருப்பீர்கள் என்று அவள் அப்பா பக்கம் திரும்பினாள். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். மருந்து ஏற்றினாள், இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்தோம், புதன்கிழமை மத்தியானம் மியெர்லா போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் நீ போனில் அவரிடம் சொன்னது. "இனிமே நீங்க குதிரையத் தொடவே தொடாதீங்கப்பா." நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் கேட்டது. மியெர்லாவைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நீ, உன் வாயில் அந்த வார்த்தை வந்ததைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். நாலு வாரமாகச் சின்னக் குதிரை புயோர் லாயத்தில் சும்மா நிற்கிறான், அவனை நான்தான் நடத்துகிறேன், ஓட்ஸ் கண்ணில் காட்டுவதில்லை. பக்கத்து வீட்டு இலாரியெ வேலியில் சாய்ந்துகொண்டு அப்பாவைக் காட்டி, தோதெர் லாரி ஓட்டுறதா நெனச்சுட்டான் போல, குதிரைன்னு யாரும் சொல்லலையா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான். அப்பாவுடைய வாய் உனக்குத் தெரியாததா, அப்படிப்பட்டவர் பேசாமல் உள்ளே வந்துவிட்டார்.

முந்தாநாள் எனக்குத் தாங்கவில்லை. அவர் கடிவாளத் தோலை விற்கத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான்தாங்க ஓட்ஸ் போட்டேன், தெனமும் சாயங்காலம் போட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிரவே இல்லை. துடைத்துக்கொண்டே, "காலைல நான் போட்டேன் டொம்னிகா" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விடியற்காலையில் நான் பசுவிடம் இருக்கும்போது அவரும் ஒரு முழு அளவு போட்டிருக்கிறார், அதுவும் ஆறு நாளும். ஓட்ஸ் மூட்டை சீக்கிரம் இறங்குகிறதே என்று நான் எலிப்பொறி வைத்தேன், அவர் அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அவரும் என்னை மாதிரியே நினைத்திருக்கிறார், பண்டிகையாச்சே, பாவம் தின்னட்டும் என்று. டாக்டரம்மா கேட்டபோது தலையாட்டியது அதனால்தான். ஒருவருக்கொருவர் ஒளிந்து ஒளிந்து ஊட்டினோம், இரண்டு பேரில் ஒருவர் வாய் திறந்து கேட்டிருந்தால் அந்த வாயில்லா ஜீவன் இன்றைக்கு நின்றுகொண்டிருக்கும். அன்றைக்குத்தான் அவர் அழுதார். நானும் அழுதேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நீ எழுதிக் கொடுத்தும் கேட்காதவள் கேட்கக் கூடாது. கோபப்படு, ஆனால் இரண்டு பேர் மேலும் படு, அவர் ஒருவர் தலையில் மட்டும் போடாதே. நல்ல சாப்பாடாகச் சாப்பிடு, நோன்பென்று கிழவரைத் தூக்கிப் பிடிக்கும் உடம்பை வாட்டாதே. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் முகம் மழித்துக்கொண்டு, வேறு வேலை இல்லாதவர் மாதிரி போன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். இந்த ஞாயிறு போன் மணி அடித்தால் நான் கோழிக் கூண்டுக்குப் போய்விடுவேன், அவர்தான் எடுப்பார். திட்டினாலும் சரி, பேசு.

உன் அம்மா
டொம்னிகா