முப்பத்தொரு தொட்டிகளும் ஒரு ஜன்னலும்

மாசாய்,
ஞாயிறு காலை

மீரியில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு ஷாமளா எழுதுவது. நானும் லோஷினியும் சுகம். கடல் நடுவில் அந்த எண்ணெய் மேடைச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே கோபித்துக்கொண்டு வைத்துவிடுவீர்கள். உங்களோடு வேலை செய்யும் தீபன் லீவு முடிந்து நாளை அங்கே திரும்புகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

லோஷினிக்கு இருமல் நின்றுவிட்டது என்று நான் சொன்னது பொய். அதை நம்பித்தான் நீங்கள் அங்கேயே இன்னும் இரண்டு வருட வேலை ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். போன மாதம் மட்டும் இரண்டு முறை கிளினிக்கில் முகமூடி மாட்டி மூச்சுக்குக் கேஸ் வைத்தார்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஏழு வயதுப் பிள்ளை, விளையாடவே பயந்தாள்.

தீபாவளிக்கு வந்தபோது அவள் அறைக்குப் பெயிண்ட் அடித்தீர்கள், புது பிளைவுட் அலமாரி வைத்தீர்கள். பாசிர் கூடாங் ஃபேக்டரி வாடை நுழையக் கூடாது என்று ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினீர்கள். உள்ளே இருக்கும் கெட்ட காற்றைச் செடி தின்றுவிடும் என்று முப்பத்தொரு தொட்டி கொண்டுவந்து அடுக்கினீர்கள். மணிபிளாண்ட், அப்புறம் மலாய்க்காரர்கள் மாமியார் நாக்கு என்று சொல்லும் அந்த நீட்டுச் செடி. (உங்கள் அம்மாவிடம் அந்தப் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை.) நானும் நம்பித்தான் தினமும் தண்ணீர் ஊற்றினேன். சுவரில் பூஞ்சை பிடித்தபோது துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டுத் தேன்மொழிக்கு செனாய் தொழிற்சாலை ஒன்றில் காற்றைச் சோதிக்கும் வேலை. புதன்கிழமை ஒரு சின்ன மீட்டரோடு வந்தாள். அறைக்குள் வைத்ததும் எண் ஆயிரத்து எண்ணூற்றைத் தாண்டியது. பெயிண்டும் பிளைவுட் பசையும் விடுகிற ஆவியாம். செடிகளுக்கு நடுவில் வைத்தோம், அதே எண்தான். டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்தோம். ஆயிரம், எழுநூறு, நானூறு. அரை மணி நேரத்தில் இருநூற்றுக்குக் கீழே வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நம் வீட்டை விட்டுப் போவதை நின்றபடியே பார்த்தேன்.

அப்படியானால் செடி சும்மாவா என்று கேட்டேன். இல்லையாம். மூடிய சின்னப் பெட்டிக்குள் வைத்தால் அது நிஜமாகவே அந்த நஞ்சை எடுக்குமாம். இலை மட்டுமில்லை, வேரடி மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் தின்னுமாம். ஒரு பிடி மண்ணுக்குள் இவ்வளவு நடக்கிறதா என்று தொட்டி மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். ஆனால் ரொம்ப மெதுவாக. காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய, சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிவரை வேண்டுமாம். பிள்ளையை எங்கே படுக்க வைப்பது?

நான் அழுதுவிட்டேன். தேன்மொழிதான் சொன்னாள், "அக்கா, செடி மேல தப்பே இல்ல லா. அதால முடிஞ்சத அது செஞ்சிச்சு. ரூமத்தான் நாம மூச்சு விட விடல."

அலமாரியும் தொட்டிகளும் இப்போது வெளியே இருக்கின்றன. ஃபேக்டரி வாடை வரும் நேரம் மட்டும் ஜன்னலை மூடுகிறேன். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தவில்லை. நாலு நாள்தான் ஆகிறது, முழுசாகச் சரியாகிவிட்டது என்று இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று காலை கேட் வரைக்கும் ஓடிவிட்டு வந்தவள், "ம்மா, மூச்சப் பத்தி நான் நெனைக்கவே இல்ல," என்றாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லாமல் தானாக ஏறுகிறது, தானாக இறங்குகிறது. எத்தனை பெரிய காரியம் இது, இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லையே!

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்தில் இருக்க முடியாத அப்பா, தனக்குப் பதிலாக முப்பத்தொரு செடியை நிறுத்திவிட்டுப் போனார். அது எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வாரம் லீவு போட்டு வாருங்கள். அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேளுங்கள். அப்புறமும் இரண்டு வருடம் என்றால், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முருகன் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
ஷாமளா