திவாலான வங்கியின் நோட்டு

அன்புத் தம்பிக்கு,

அந்தக் காலத்தில் தனியார் வங்கி அச்சடித்த பணநோட்டு என்று நீ விற்றாயே, அதை வாங்கியவர் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். கையெழுத்துப் போடாமல், வெளியிடாமல் அந்த வங்கி விட்டுப்போன தாள் அது. கையெழுத்திட்ட நோட்டுக்குச் சேகரிப்பவர்கள் கூடுதலாகத் தருவார்கள் என்று, மேலாளரின் கையெழுத்தை நீயே போட்டு விலையை ஏற்றியிருக்கிறாய். தேதியை மட்டும் வங்கி திவாலானதற்கு மறுவருடமாகப் போட்டுவிட்டாய். பார்த்ததுமே உன் கை தெரிந்தது. எழுதப் பழக்கியவள் நானல்லவா?

அவர் கோபப்படவில்லை. "பணம் வேணாம்க்கா, தம்பியைப் பார்த்தாப் போதும். முகவரி போட்டு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க, நானே தபால்ல சேத்துடறேன்" என்றார். வெற்றுத்தாளை உறையிலிட்டு, நாம் எப்போதோ காலிசெய்த வீட்டின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

இதைப் பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே வராதே. நானே கூப்பிட்டாலும் வராதே.

உன் அக்கா