இடது காதில் நீர்

அலுமாரிக்குள் சேலைகளுக்குப் பின்னால் கையை விட்டேன். உம்முடைய பழைய ஹெட்போன் தட்டுப்பட்டது. காதுப் பஞ்சின் தோல் உதிர்ந்து, கறுப்புத் தவிடு மாதிரிக் கையெல்லாம் ஒட்டியது. வலப்பக்கத்தில் நீர் வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு மட்டும் பாதி உரிந்து, பாதி மிச்சமாய் இருக்கிறது.

அந்தப் பொட்டுக்காக நீர் புளியங்குளம் சந்தியில் பான்சிக் கடைக்குப் போனதை ஊர் இன்னும் மறக்கவில்லை. "ஆருக்குத் தம்பி?" என்று கடைக்கார அக்கா கேட்க, "எனக்குத்தான் அக்கா, கலியாண வீடொண்டு இருக்கு" என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னீராம். பிறகு கொஞ்சக் காலம் உம்மைக் கண்ட பெடியங்கள் எல்லாம் முதலில் உம் விரல்களைத்தான் பார்த்தார்கள். ஹெட்போனில் எது வலது, எது இடது என்று எனக்குச் சட்டென்று தெரியவேண்டும் என்பதற்குத்தான் அது என்று நீர் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்குக்கூடச் சொல்லவில்லை. மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போய்விட்டீர்.

நீர் போன பிறகு வயல் இரண்டு தரம் விதைத்து வெட்டியாயிற்று. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. செத்தவீட்டில் உம்முடைய மாமிமார் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனார்கள். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறது. தொட்டால் யாரோ தொடுவது தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

போன சனிக்கிழமை கிளிநொச்சியில் உம்மைப் பற்றி விவாத அரங்கு வைத்தார்கள். வாசலில் உம்முடைய முகத்தைப் பெரிதாக அடித்துக் கட்டியிருந்தார்கள். கீழே "கேக்குதோ?" என்று ஒரே ஒரு சொல். மேடையில் "உமிமூட்டை ரெக்கோர்ட்ஸ்: ஒரு சுயாதீன ஹிப்ஹொப் நிறுவனம் விட்டுச்சென்றது என்ன?" என்று பதாகை. நிறுவனமாம்! டயர் ஒட்டுகிற கடைக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு மைக், ஒரு கணினி. வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க, சுவர் முழுக்க நெல்லு மில்லிலிருந்து ஏற்றிவந்த உமி மூட்டைகள். பேரும் அதிலிருந்துதான் வந்தது. எங்களிடம் வந்து ராப் பாடின பெடியங்கள் எல்லாரும் தும்மித் தும்மித்தான் பாடினார்கள். கடைக்காரர் கம்பிரசரைப் போட்டால் எங்கள் நிறுவனம் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும்.

நான் போனது உம்முடைய புகழ் கேட்க இல்லை. நெருஞ்சிக்கு ஒரு பதில் சொல்லவேண்டியிருந்தது. துணுக்காய்ப் பெடியன், எங்கள் பாட்டுக்காரரில் ஆகக் கெட்டிக்காரன், உம்மோடு கோவித்துக்கொண்டு போய்க் கனடாவில் பெரிய ஆளானவன். அவன் இப்போது வந்து நிற்கிறான். எங்கள் பாட்டுகள் எல்லாவற்றின் தடங்களும், ஒரே மைக் என்பதால் ஒவ்வொரு குரலும் தனித்தனியாய்ப் பதிந்தவை, என்னிடம் உள்ள ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அதைக் கேட்டான். எல்லாவற்றையும் ஸ்டீரியோவில் புதிதாகக் கலந்து, உம்முடைய பேரிலேயே வெளியிடப்போகிறானாம். அதாவது ஒரு குரல் இந்தக் காதில், இன்னொரு குரல் அந்தக் காதில். நாங்கள் செய்ததெல்லாம் மோனோ. இரண்டு காதிலும் ஒரே சத்தம். ஃபோனில் நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உம்மை அவன் எந்தப் பக்கம் வைப்பான் என்பது மட்டும்தான் எனக்குப் பிரச்சினை.

முதலில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த விரிவுரையாளர் பேசினார். நல்ல மனிசன், சுத்தமான தமிழ். "உலகமே குரலையும் தாளத்தையும் இரண்டு பக்கமாகப் பிரித்துப் போடும் காலத்தில் இவர்கள் பிரிக்க மறுத்தார்கள். பிளவுண்ட சமூகத்துக்கு உமிமூட்டை சொன்ன பதில்தான் இந்த ஒற்றை ஒலி" என்றார். கொழும்பிலிருந்து வந்த விமர்சகர் ஒருவர் அதை மறுத்தார். "அது வறுமை. வசதி இல்லாததால் வந்தது. அதற்குப் பொன்முலாம் பூசாதீர்கள்" என்றார். பிறகு, ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் நீர் கேட்கிற "கேக்குதோ?" யாரை நோக்கிய கேள்வி என்று பிடுங்குப்பட்டார்கள். அரசாங்கத்தையா, உலகத்தையா, கடவுளையா? நான் கதிரையில் இருந்து இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெருஞ்சி மைக்கை வாங்கினான். "ஒரு தத்துவமும் இல்லை. அது அண்ணையின்ர பிடிவாதம். ஸ்டீரியோவில போடுவம் எண்டு நான் எத்தினை தரம் கெஞ்சினனான். கேக்கேல்லை. அந்தப் பிடிவாதத்தாலதான் உமிமூட்டை உடைஞ்சது" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை.

அந்த நாள் உமக்கு ஞாபகம் இருக்கும். யானை வேலியைப் பற்றிய பாட்டு. "ஆனை வந்தா வேலி, ஆள் வந்தா கேள்வி" என்று நெருஞ்சி பாட, ஒவ்வொரு பாதியின் கடைசிச் சொல்லையும் பிறகு நீர் வேறு தடத்தில் திருப்பிச் சொல்வீர். கலந்த பாட்டைக் கேட்டு முடிந்ததும் அவன் ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். "ரெண்டு காதும் இருக்கிற சனத்துக்குப் பாட்டுப் போடுங்கோ அண்ணை!" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "எங்கட பாட்டு நடுவிலதான் நிக்கும். விருப்பமெண்டா நில், இல்லாட்டிப் போ" என்றீர். அந்தப் பாட்டின் தடங்களைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு அவன் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராய் அவன் பின்னால் போனார்கள். நீர் என்னைப் பார்த்து, "தேத்தண்ணி குடிப்பமே?" என்று கேட்டீர்.

என் இடது காது போன கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. ஷெல் விழுந்தபோது பதுங்குகுழியில் நான் வாசலுக்கு இடப்பக்கம் காட்டிக்கொண்டு இருந்தேன். மற்றவர்கள் வேறு பக்கம் காட்டிக்கொண்டு இருந்தார்கள். அவ்வளவுதான். பிறகு வீடியோக் கடையில் கலியாண வீடியோவுக்குப் பாட்டு ஏற்றுகிற வேலைக்குப் போனபோது அதைச் சொல்லவில்லை. ஒற்றைக் காதுக்காரிக்குச் சத்த வேலை ஆர் தரப்போகிறார்கள்? அந்தக் கடைக்குத்தான் நீர் முதல் பாட்டோடு வந்தீர். என் இடப்பக்கம் நின்று ஏதோ கேட்டிருக்கிறீர். நான் திரும்பவில்லை. திமிர் பிடித்தவள் என்று போயிருக்கலாம். நீர் மேசையைச் சுற்றி வலப்பக்கம் வந்து நின்று, மெதுவாக, "கேக்குதோ?" என்றீர்.

ஓம் என்றேன். அதற்குப் பிறகு அந்தக் காதைப் பற்றி எங்களுக்குள் ஒரு கதையும் இல்லை. நடந்தால் என் வலப்பக்கம் நடந்தீர், பஸ்ஸில் என் வலப்பக்கம் இருந்தீர். மைக்குக்கு முன்னால் நின்றால் முதலில் "கேக்குதோ?" என்று கேட்டீர். நான் தலையாட்டிய பிறகுதான் பாட்டு. முதற்பாட்டில் அதை வெட்டாமல் விட்டேன். பெடியங்களுக்குப் பிடித்துப்போயிற்று, பிறகு அதுவே எங்கள் முத்திரை. பெடியங்கள் எல்லாம் டேய், மச்சான் என்று கத்துகிற அறையில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் நீர், நீர் என்று கதைப்பதைப் பார்த்து ஊருக்கு வேறு கேள்வி இருந்தது. "உங்களுக்குள்ள என்ன பிள்ளை?" என்று அம்மா ஒருநாள் நேரேயே கேட்டா. "வேலை அம்மா" என்றேன்.

மண்டபத்தில் கடைசியாக மைக்கை என்னிடம் தந்தார்கள். உம்மைப் பிடிவாதக்காரன் என்று எழுதிவைத்துவிட்டுப் போகப்போகிறார்கள் என்று தெரிந்தது. எழும்பினேன். "எனக்கு இடது காது கேக்காது. ஸ்டீரியோவில போட்டா எனக்குப் பாதிதான் கேக்கும். அதாலதான் அவர் மோனோவில போட்டவர். கேக்குதோ எண்டு கேட்டதும் என்னைத்தான்" என்றேன். இவ்வளவு காலம் மறைத்ததைச் சொல்லும்போது நெஞ்சு அடிக்கும் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கடையில் பாண் இருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் வந்தது.

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு ஆழமான படிமம்! ஒரு காதை இழந்த சமூகம்!" என்றார். சபை கைதட்டியது. கொழும்பு விமர்சகரும் தட்டினார். என் காதைப் பற்றி இவ்வளவு நேரம் விவாதித்தவர்களுக்கு என் காதைப் பற்றிச் சொன்னால் விளங்கவில்லை. நீர் இருந்திருந்தால் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடியிருப்பீர். விதைப்புக்கு வயலில் இறங்கி, எலிக்காய்ச்சல் வந்து, வவுனியா ஆஸ்பத்திரியில் செத்தவர் நீர். அதிலும் ஒரு படிமம் கண்டுபிடிப்பார்கள் என்று பயந்து நான் இருந்துவிட்டேன்.

வெளியே மரத்தடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். நெருஞ்சி வந்தான். "அக்கா, நீங்கள் சொன்னதை நான் பிறகு கதைக்கிறன். முதல்ல இதைக் கேளுங்கோ, கேட்டிட்டு முடிவைச் சொல்லுங்கோ" என்று தன் ஹெட்போனை என் தலையில் மாட்டினான். அந்த யானை வேலிப் பாட்டு. அவன் கொண்டுபோன தடங்களை ஸ்டீரியோவில் கலந்திருந்தான். தாளம் கண்ணாடி மாதிரித் தெளிவு. "ஆனை வந்தா வேலி, ஆள் வந்தா கேள்வி." அதற்குப் பின்னால் நீர் வரவேண்டும். நீர் வரவில்லை. அந்த இடம் வெறுமையாய்ப் போனது. அடுத்த அடியிலும் நீர் இல்லை. பாட்டில் எல்லாரும் இருந்தார்கள், உம்மை மட்டும் காணவில்லை.

"அண்ணை எங்க?" என்றேன்.

"இடப்பக்கம் அக்கா. அவர் மட்டும் தனிய. கேக்கேல்லையோ?" என்றவன், என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "உண்மையாத்தான் சொன்னனீங்களோ?" என்றான்.

"ஓம்."

"அண்டைக்கு நான் ரெண்டு காது எண்டு சொன்னது..."

"அது வலது காதில விழுந்தது தம்பி" என்றேன்.

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஹெட்போனைக் கழற்றிக் கொடுக்கத்தான் போனேன். என்ன நினைத்தேனோ, கொடுக்காமல் திருப்பி மாட்டினேன். இடது வலதுக்கு, வலது இடதுக்கு. பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னேன்.

தாளம் போய்விட்டது. நெருஞ்சி போய்விட்டான். கதிரை கிறீச்சிடுகிற சத்தம். நீர் தொண்டையைச் செருமுகிற சத்தம். ஒரு தும்மலை விழுங்குகிறீர். பிறகு, என் காதுக்குள், ஒருவரும் குறுக்கே இல்லாமல், "கேக்குதோ?"

இவ்வளவு காலமும் நான்தான் உம்முடைய குரலைக் கலந்தேன். எப்போதும் தாளத்துக்கு அடியில், மற்றவர்களுக்குப் பின்னால் வைத்தேன். பதியும்போதுகூடக் காதில் தாளம் ஓடிக்கொண்டிருக்கும். உம்மைத் தனியாக ஒருநாளும் கேட்டதில்லை. வெறும் அமைதிக்குள் நீர் "வேலி" என்கிறீர். நீண்ட இடைவெளி. "கேள்வி" என்கிறீர். மூச்செடுக்கிறீர். ஊசியின் மரப்பு விடுகிற கன்னம் முதலில் நோகத்தான் செய்யும். எனக்கு நொந்தது. தேத்தண்ணிக் கோப்பையை நெருஞ்சியிடம் கொடுத்துவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"டிஸ்க்கைத் தாறன்" என்றேன். "ஆனா ஒண்டு. எல்லாப் பாட்டிலயும் அண்ணையை இடப்பக்கமே விடு. தனிய."

"அது உங்களுக்குக் கேக்காதே அக்கா?"

"விடு" என்றேன்.

இன்று காலை அவன் வந்து டிஸ்க்கை வாங்கிப் போனான். அந்த ஒரு பாட்டின் புதுப் பிரதியை எனக்கு வைத்துவிட்டுப் போனான். உம்முடைய பழைய ஹெட்போனில் இன்னும் சத்தம் வருகிறது. திருப்பித்தான் மாட்டியிருக்கிறேன். நீர் எனக்காக வைத்த சிவப்புப் பொட்டு இப்போது கேட்காத காதில் இருக்கிறது. குறை நினைக்க வேண்டாம்.

நீர் கேட்கிறீர். "ஓம், கேக்குது" என்கிறேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல.

குசினியிலிருந்து அம்மா, "ஆரோட பிள்ளை கதைக்கிறாய்?" என்று கேட்கிறா.

"வேலை அம்மா" என்கிறேன்.