டிரைவர் கூப்பிட்டபோது டவர் இல்லை

தை மாதம், வெள்ளி இரவு.

அறுவடை மெஷின் டிரைவர் நேற்றே சொல்லியிருந்தார்: “காலையில போன் பண்றேண்ணே. வயல் காஞ்சிருக்கான்னு சொல்லுங்க, மெஷினை இறக்கிடலாம்.”

இன்று காலை முழு சார்ஜோடு வரப்பில் காத்திருந்தேன். டவரைத் தேடித் தேடியே போன் செத்துப்போனது. எனக்கு லைன் கிடைக்காததால் டிரைவர் மெஷினைக் கீழ்வேளூருக்குக் கொண்டுபோய்விட்டார். சாயங்காலம் அடித்த மழையில் நெல் சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறது.

வீட்டில் சார்ஜ் போட்டு சிம் கம்பெனிக்குப் பேசினேன். “டவர் நல்லாதான் இருக்கு சார். உங்க பேட்டரிதான் பழசாயிருக்கும்” என்றாள் ஒரு பெண். தீபாவளிக்கு வாங்கிய போன்! ரீசார்ஜ் முடியும் நாளில் மட்டும் அதே வரப்புக்கு மெசேஜ் தவறாமல் வருகிறதே, அது எந்த டவரில் வருகிறது?

இதோ, இப்போது ஒரு மெசேஜ். காலையில் டிரைவர் அழைத்தாராம், திரும்ப அழைக்க வேண்டுமாம். அழைத்து என்ன சொல்ல? வயல் காய்ந்திருக்கிறது என்றா?