வழக்கம்போல் கேள்விகளுக்குப் பதில் அளிக்கப்படும்

அரியலூர்,
8-4-1946.

அன்புத் தோழர் அமிர்தலிங்கம் அவர்களுக்கு,

விண்ணரசி எழுதுவது. இங்கு நான் நலம். 'ஆண்டவர் கிருபையால்' என்று கை தானாக எழுதப் பார்க்கிறது. நாத்திகரான உங்களைக் கட்டிக்கொண்டு மூன்று வருஷம் ஆகியும், மாதாகோயிலில் ஞானோபதேசம் நடத்தும் என் அப்பா பழக்கிவிட்ட கை இன்னும் மாறவில்லை. ஆகவே சொந்த முயற்சியால் நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? மூச்சிரைப்பு குறைந்ததா?

அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நீங்கள் அரும்பாவூருக்குப் போய் இருபத்தைந்து நாள் ஆகிறது. வந்தது ஒரே ஒரு கார்டு. அதிலும் பாதி, செந்துறைக் கூட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி. மேடை ஏறினால் மூன்று மணி நேரம் பேசுகிறவருக்கு, வீட்டுக்கு எழுத நாலு வரி கிடைக்கவில்லையா? தையற்கடைக் கண்ணையன் தினமும் வாசலில் வந்து நிற்கிறார். "அண்ணன் எப்பங்க வராரு? கூட்டம் இல்லாம ஊரே வெறிச்சுன்னு கெடக்குங்க" என்று ஒரே புலம்பல். நானும் அதையேதான் நினைக்கிறேன், கூட்டத்துக்காக அல்ல.

இன்னொரு சேதி. எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா பச்சையம்மாளின் அக்காவை உங்கள் ஊரில் கொடுத்திருக்கிறது. அங்கே போய்விட்டு வந்தவள், "டீச்சர், உங்க வூட்டுக்காரரு வூட்ல நெல்லு அவிக்கிறாங்க, மஞ்ச இடிக்கிறாங்க. யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்கிறாள். உங்களுக்குத் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். யாருக்குக் கல்யாணம் என்று மறு தபாலில் எழுதுங்கள்.

என்றும் அன்புள்ள,
விண்ணரசி


அரும்பாவூர்,
17-4-1946.

அன்புள்ள விண்ணரசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ அறிவுள்ளவள். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா பிழைப்பது கஷ்டம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கண் மூடுவதற்குள் என் அம்மான் மகள் பாப்பாத்தியை எனக்குக் கட்டி வைத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். கஞ்சியைத் தொட மறுத்து இரண்டு நாள் கிடந்தார். பெற்ற தகப்பனைப் பட்டினியில் சாகவிடுவது பகுத்தறிவா, நீயே சொல். வைகாசி பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் பார்த்துவிட்டார்கள். மாமன் வீட்டார் பழைய பழக்கக்காரர்கள் ஆகையால் ஐயர் வருவார். அதையெல்லாம் நான் நம்பிச் செய்யவில்லை, பேசாமல் உட்கார்ந்திருக்கப் போகிறேன், அவ்வளவுதான்.

நம் காரியத்தைப் பற்றிப் பெரம்பலூரில் ஒரு வக்கீலைக் கேட்டேன். ஐயரும் இல்லை, பாதிரியாரும் இல்லை, ரிஜிஸ்டரும் இல்லை. மாலை மாற்றிக்கொண்டு இரண்டு பேர் மேடையில் கையெழுத்துப் போட்டது சட்டப்படி கல்யாணமே ஆகாது என்கிறார். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கொள்கை விளக்கக் கூட்டம்தானே! நீ படித்தவள், உத்தியோகம் இருக்கிறது. நீ யாரையும் அண்டிப் பிழைக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு எப்போதும் பெருமைதான்.

ஊரில் இதைப் பெரிதுபடுத்தாதே. இயக்கத்துக்குக் கெட்ட பெயர் வரும். என் புத்தகப் பெட்டியைப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிவிடு.

அன்புள்ள,
அமிர்தலிங்கம்


அரியலூர்,
26-4-1946.

திரு. அமிர்தலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். மற்ற மூன்று தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

கொள்கை விளக்கக் கூட்டமா? அந்தக் கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து எங்கள் வரதராஜன்பேட்டையில் என் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. அம்மா செத்த அன்று நான் ஓடினேன். என் அப்பா சவரிமுத்து கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்துகொண்டே, "எனக்கு மக இல்ல, போயிடு" என்றார். தெருவில் நின்று சவப்பெட்டி போவதைப் பார்த்தேன். ஒரு பிடி மண் போட விடவில்லை. அன்று இரவு நீங்கள் என் தலையைத் தடவி, நாம் இருவரும் சேர்ந்து நடப்பது அத்தனைக்கும் ஈடு என்றீர்கள். நான் நம்பினேன்.

எதற்காக நம்பினேன் என்றும் சொல்கிறேன். எங்கள் ஞானோபதேசப் புத்தகத்தில் கேள்வியும் அச்சிட்டிருக்கும், பதிலும் அச்சிட்டிருக்கும். சொந்தமாக ஒரு கேள்வி கேட்டால் அப்பாவின் பிரம்புதான் பதில் சொல்லும். சந்தைப்பேட்டையில் முதன்முதல் உங்கள் கூட்டத்துக்கு முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். கூட்டம் முடிந்ததும் யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வேன் என்று காகிதத் துண்டுகளை வாங்கினீர்கள். உங்களை மடக்க வேண்டும் என்றே எழுதிக் கொடுத்தேன்: 'கடவுளும் நரகமும் இல்லையென்றால், நீர் எதற்குப் பயந்து பொய் சொல்லாமல் இருக்கிறீர்?' நீங்கள் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினீர்கள். பிறகு, "எதிர்ல இருக்கிறவங்க என்னை நம்பி உட்கார்ந்திருக்காங்க. அதுக்காகத்தான்" என்றீர்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமில்லாமலே ஒரு மனிதன் யோக்கியனாக இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

நம் வீட்டுச் சுவரில் சீமை நாத்திக அறிஞர்கள் நாலு பேர் படம் ஒட்டியிருக்கிறீர்களே, எங்கள் வீட்டில் புனிதர்களான அர்ச்சிஷ்டவர்கள் படமும் இப்படித்தான் இருக்கும், என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் கேட்டேன். "இவங்களோட சண்டை போடலாம், கோவிச்சுக்க மாட்டாங்க" என்றீர்கள். அந்த நாலு பேரும் அவர்கள் தைரியத்துக்காக இன்றும் எனக்குப் பிடித்தவர்கள்தான். உங்களைத்தான் தவறாக அந்த வரிசையில் வைத்துவிட்டேன்.

உங்களுக்குச் சாபம் கொடுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. கேட்பதற்கு மேலே ஒருவரும் இல்லை என்று நீங்கள்தான் நிரூபித்துவிட்டீர்கள். பழைய விண்ணரசியாக இருந்தால் பழி வாங்குவதை ஆண்டவரிடம் விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டியிருப்பாள். இப்போது அந்த வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது.

புத்தகப் பெட்டி வராது.

விண்ணரசி


அரும்பாவூர்,
9-5-1946.

விண்ணரசிக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். ஆறிவிடும். இரண்டு வாரமாக நீ ஒன்றும் கிளப்பாமல் இருப்பதே உன் பெருந்தன்மையைக் காட்டுகிறது. பெட்டியை உடனே அனுப்ப வேண்டும் என்றில்லை, கல்யாணத்துக்குப் பிறகு ஆள் அனுப்புகிறேன்.

அமிர்தலிங்கம்


அரும்பாவூர்,
30-5-1946.

விண்ணரசிக்கு,

திருப்திதானா?

அந்த நோட்டீஸ் ஒன்று என் கையில் இருக்கிறது. 'சொற்பொழிவாளர் அமிர்தலிங்கம் அவர்களுக்கு வைகாசி 13 ஞாயிறு காலை அரும்பாவூரில் ஐயர் வைத்துத் திருமணம். அவர் பேச்சைக் கேட்டவர்கள் அனைவரும் வருக. வழக்கம்போல் கேள்விகளுக்குப் பதில் அளிக்கப்படும்.' இதை அச்சடிக்க உனக்கு எப்படி மனம் வந்தது? அரியலூர், செந்துறை, குரும்பலூர் என்று ஒரு ஊர் விடாமல் கொடுத்திருக்கிறாய். பெயர் போடாவிட்டால் யார் எழுதியது என்று எனக்குத் தெரியாதா?

விடிவதற்குள் இருநூறு பேர் பந்தலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அரிசி கிடைக்காத காலத்தில் இத்தனை பேருக்கு எங்கே போவது என்று மாமன் தவித்தார். அவர்களோ ஆளுக்கொரு கட்டுச்சோற்றைக் காட்டி, "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க, கேட்டுட்டுப் போவத்தான் வந்தோம்" என்றார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஊர்க்காரர்கள் அடித்து விரட்டியிருப்பார்கள்.

நான் மணையில் உட்கார்ந்ததும் கண்ணையன் எழுந்தார். "அண்ணே, ஒரு கேள்விங்க. அந்த ஓமப்புகை எந்த லோகத்துக்குப் போவுதுங்க?" அது நான் மேடையில் சொல்லிச் சிரிக்க வைத்த வேடிக்கை. ஒரே வார்த்தையில் உட்காரச் சொல்லியிருக்கலாம். பழக்க தோஷம், "நியாயமான கேள்வி" என்று வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான். வரிசையாக எழுந்தார்கள். ஆறிலிருந்து ஏழரை வரை முகூர்த்தம். மாமன் என் தோளைத் தொட்டு, "மாப்ள, அப்புறம் பேசிக்கலாம், உட்காருங்க" என்றார். நான் மேடையில் செய்வதுபோல அவரைக் கையமர்த்திவிட்டு நின்றபடியே பேசிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகக் குரும்பலூர் வீரம்மாள் எழுந்தாள். "ஐயரு வேணாம்னு நீங்க சொல்லித்தான எம் பொண்ணு கல்யாணத்த நடத்துனோம்? நாலு வருசமா எங்க சனம் எங்களுக்குத் தண்ணி கொடுக்கிறதில்ல. இனிமே அவங்களுக்கு நாங்க என்னங்க பதில் சொல்றது?" என்று கேட்டாள். நானும் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவள் உட்காரவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் ஐயர், "முகூர்த்தம் தாண்டிடுத்து" என்று பஞ்சாங்கத்தை மூடிவிட்டார். மாமன் பெண்ணைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போய்விட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

உன்னைத் திட்டுவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒரு உண்மையும் சொல்கிறேன். அங்கே நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நான் நானாக இருந்தேன். என் இடம் எது என்று தெரிந்துவிட்டது. இங்கே எல்லாவற்றையும் முறித்துவிட்டேன். ஆடி பிறக்குமுன் அரியலூர் வந்துவிடுகிறேன். நடந்ததை இருவரும் மறந்துவிடுவோம். ஊருக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்; அப்பா உடல்நிலை காரணமாகத் தங்கினேன் என்று இருக்கட்டும்.

உன்னுடைய,
அமிர்தலிங்கம்


அரியலூர்,
17-6-1946.

திரு. அமிர்தலிங்கம் அவர்களுக்கு,

திருப்திதானா என்று கேட்டிருந்தீர்கள். திருப்திதான். உங்கள் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு பத்து நாள் தூங்கினேன். வேண்டும்போதெல்லாம் எடுத்து, மாமனைக் கையமர்த்திய இடத்தைப் படித்துப் படித்துச் சிரித்தேன். முக்காடு போட்டு மூலையில் அழவேண்டியவள் என்று நினைத்துத்தானே வக்கீல் வீட்டுக்குப் போனீர்கள்? நன்றாக வேண்டும்.

கடைசிப் பாராவைப் படித்தபோது மட்டும், ஒளிக்காமல் சொல்கிறேன், மனம் இளகியது. வரட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். உங்கள் வேட்டிகளை எடுத்துத் துவைத்தும் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் பச்சையம்மாளின் அக்கா, ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தாள். கறுத்த, மெலிந்த பெண். பதினேழு வயதிருக்கும். பஸ் கரிப்புகை முகமெல்லாம் அப்பியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "நாந்தாங்க பாப்பாத்தி" என்றாள். பாயை விரித்து உட்காரச் சொன்னேன்.

"அக்கா, அவரு உங்களுக்குத் துரோகம் பண்ணாரு. நான் என்ன பண்ணேன்? உங்களுக்குக் கல்யாணம் ஆனதே எனக்குத் தெரியாதுங்க. மணையில உட்கார்ந்து எழுந்தவள்னு தண்ணித் துறையில பொம்பளைங்க என்னைப் பார்த்து ஒதுங்குறாங்க" என்றாள்.

அந்த நோட்டீஸை எழுதும்போது இவளைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. உங்களைக் கிழிப்பதிலேயே குறியாக இருந்தேன். பச்சையம்மாளும் அவள் அக்காவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "என் தப்புதாம்மா, மன்னிச்சுக்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு இருவரும் அழுதோம்.

அழுது முடித்த பிறகுதான் அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். ஆனி கடைசியில் வேறு முகூர்த்தம் குறித்தாகிவிட்டதாம். இந்தத் தடவை மலைக்கோயிலில், வெளியாருக்குத் தெரியாமல். "அவரும் சரின்னுட்டாருங்க. இந்தத் தடவையாவது தடுத்துடாதீங்க, எனக்கு வேற போக்கில்ல" என்று கும்பிட்டாள்.

என்றைக்குச் சரி என்றார் என்று கேட்டேன். போன மாதம் முப்பதாம் தேதி சாயங்காலம் என்றாள். எல்லாவற்றையும் முறித்துவிட்டேன் என்று எனக்குக் கடிதம் எழுதின அதே நாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. தலையணைக்குக் கீழிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து, தேதியிலிருந்து கையெழுத்து வரை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன். 'உன்னுடைய' என்ற இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அதற்குப் பிறகுதான் தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

இனி என் காரியம். நீங்கள் சொன்ன வக்கீல் கெட்டிக்காரர். நமக்குக் கல்யாணம் ஆகவில்லை என்ற அவருடைய கட்சியை இன்று முதல் நானும் ஒப்புக்கொள்கிறேன். துவைத்த வேட்டிகளை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். புத்தகங்கள் எனக்கு வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை குரும்பலூரில் வீரம்மாள் வீட்டு வாசலில் கூட்டம். நான் பேசுகிறேன். அவளுக்கு நீங்கள் சொல்லாத பதிலை நானாவது சொல்லப் பார்க்கிறேன். பாப்பாத்திக்குச் செய்த தப்பையும் அங்கேயே சொல்வேன்.

மலைக்கோயிலுக்கு ஐயரைச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் தடுக்கவில்லை. இரவு இங்கேயே தங்கியிருக்கிறாள்; அவளே, "இதையும் சேர்த்து எழுதுங்கக்கா, எனக்கும் வேணாம்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். அவள் அப்பாவிடம் அவளே பேசிக்கொள்வாளாம். நான் எழுதியதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று, பள்ளிக்கூடத்து மையைக் கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டாள்.

இப்படிக்கு,
விண்ணரசி

பாப்பாத்தி, இடது கைப் பெருவிரல் ரேகை.